ஆப்ட் டைரக்டரிகளை இடம் மாற்றினால் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் டியூஷன் சென்டர்களிலும் டிடிபி கடைகளிலும் ஓடும் லினக்ஸ் மெஷின்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய சிபியு, அதில் 120 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே முன்பிருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2011-இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினிகளும் இன்னும் பல வீடுகளில் உழைக்கின்றன. அவற்றில் விண்டோஸ் போக மிச்சமிருந்த ஒடுக்கமான பார்ட்டிஷனில்தான் லினக்ஸ். ரூட் பார்ட்டிஷன் நிரம்பியதும் யாரோ ஒருவர் சொல்ல, மென்பொருளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட்டின் டைரக்டரிகளைப் பெரிய டிஸ்க்குக்கு மாற்றுகிறார்கள். அதற்கு மறுநாளிலிருந்து வரும் கோளாறுகளுக்குத்தான் இந்த வழிமுறை. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றுக்கும் பொருந்தும். சிடாக்கின் பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதே, அதற்கும் பொருந்தும்.

கட்டளைகளையும் பாதைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறோம். ஆப்ட் என்றால் ஏ, பி, டி என்ற மூன்றெழுத்து. கோளன், அரைப்புள்ளி, மேற்கோள் குறி, அடிக்கோடு எதையும் விட்டுவிடக் கூடாது.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் என்பது இறங்கிய டெப் கோப்புகளின், அதாவது மென்பொருள் பேக்கேஜ்களின், கிடங்கு. முழுதாக அழித்தாலும் நஷ்டமில்லை, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மாற்ற வேண்டும் என்றால் இதைத்தான் மாற்ற வேண்டும். /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் பேக்கேஜ் பட்டியல்களை வைத்திருக்கிறது. இதையும் மாற்றலாம், ஆனால் சில நூறு எம்பிதான் மிச்சமாகும். அந்த இடத்தை மிச்சப்படுத்த வேறு நல்ல வழி இருக்கிறது, கீழே வருகிறது.

/வார்/லிப்/டிபிகேஜி மட்டும் அசையக் கூடாது. உங்கள் மெஷினில் என்னென்ன இருக்கிறது, எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்ற முழுப் பதிவும் அங்கேதான். யுஎஸ்பி டிஸ்க்கில் அதை வைத்துவிட்டு ஒருநாள் கேபிள் கழன்றால், இன்ஸ்டால் ஆன சிஸ்டம் இருக்கும், அதன் கணக்குப் புத்தகம் இருக்காது. மறுபடி டவுன்லோடு செய்தால் கிடைக்கும் பொருளை மட்டும் நகர்த்துங்கள்.

சரியாக மாற்றும் முறை

பெரிய டிஸ்க் /எஸ்ஆர்வி என்ற இடத்தில் மவுன்ட் ஆகியிருப்பதாக, அதாவது இணைந்திருப்பதாக, வைத்துக்கொள்வோம். அதன் வடிவம் லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 ஆக இருக்க வேண்டும்.

சூடோ இன்ஸ்டால் -டி -ஓ _ஆப்ட் -ஜி ரூட் -எம் 700 /எஸ்ஆர்வி/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்/பார்ஷியல்

இந்த ஒரே கட்டளை மேல் டைரக்டரிகளையும் சேர்த்து உருவாக்கி, பார்ஷியலின் உரிமையையும் சரியாக வைத்துவிடும். பிறகு /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/90ஆர்கைவ்ஸ் என்ற கோப்பை உருவாக்கி அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்:

டிர்::கேஷ்::ஆர்கைவ்ஸ் "/எஸ்ஆர்வி/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்/";

ஆப்ட் எதை நிஜமாகவே எடுத்துக்கொண்டது என்று பார்க்க:

ஆப்ட்-கான்ஃபிக் ஷெல் இடம் டிர்::கேஷ்::ஆர்கைவ்ஸ்/டி

கடைசி டி முழுப் பாதையைக் காட்டச் சொல்கிறது. "இடம்" என்பது ஒரு மாறியின் பெயர்தான், எந்த ஆங்கில எழுத்தையும் போடலாம். திரையில் புதிய பாதை வந்தால் வேலை முடிந்தது. சிம்லிங்க் (பழைய பாதையிலிருந்து புதியதைக் காட்டும் இணைப்பு), பைண்ட் மவுன்ட் (ஒரு டைரக்டரியை இன்னோர் இடத்திலும் இணைப்பது), மேலே எழுதியது போன்ற கான்ஃபிக் வரி என்று மூன்று வழிகள் உண்டு; ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். இரண்டைக் கலந்து செய்த மெஷினில் கோளாறு கண்டுபிடிப்பது மிகவும் சிரமம்.

அறிகுறி: மாற்றிய பிறகும் பழைய இடத்திலேயே இறங்குகிறது

எங்கள் அனுபவத்தில் அதிகம் பார்ப்பது இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். அந்த டைரக்டரியில் உள்ள கோப்புக்கு நீட்சிப் பெயர் இருக்கக் கூடாது, அல்லது கான்ஃப் என்று இருக்க வேண்டும். எடிட்டரில் சேமிக்கும்போது டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டாலோ, பழைய நகலை பேக் என்று வைத்திருந்தாலோ, ஆப்ட் அதைப் படிக்காமல் விட்டுவிடும். பேக் என்றால் அறிவிப்பே வராது; டிஎக்ஸ்டி என்றால் நீட்சிப் பெயர் தவறு என்று ஒரு வரி அறிவிப்பு வரும். திரை வேகமாக ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாவது எழுத்துப்பிழை. ஆர்கைவ்ஸ் என்பதில் கடைசி எஸ் விடுபட்டால் ஆப்ட் பிழை காட்டாது. தனக்குத் தெரியாத பெயரையும் பேசாமல் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, பழைய இயல்பிருப்பு இடத்தையே பயன்படுத்தும். இதைப் பிடிக்க:

ஆப்ட்-கான்ஃபிக் டம்ப் | கிரெப் -ஐ டிர்::கேஷ்

வெளியீட்டில் ஏறக்குறைய ஒரே பெயரில் இரண்டு வரிகள் தெரிந்தால் அதுதான் குற்றவாளி. அமைப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பார்க்கப்படாது. பாதையில் பார்க்கப்படும்.

மூன்றாவது வரிசை. ஆப்ட்.கான்ஃப்.டி உள்ளே உள்ள கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும், பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றும். ஆனால் /இடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப் என்ற தனிக்கோப்பு இவை எல்லாவற்றுக்கும் பிறகு படிக்கப்படுகிறது. முன்பு யாராவது அதில் ஒரு பாதை எழுதி வைத்திருந்தால் நீங்கள் 99 என்று எண் கொடுத்தாலும் அதுவே வெல்லும்.

நான்காவது, பாதையின் தொடக்கச் சாய்கோடு விடுபடுவது. எஸ்ஆர்வி/ஆப்ட் என்று எழுதினால் ஆப்ட் அதைத் தாய் டைரக்டரியோடு ஒட்டி /வார்/கேஷ்/ஆப்ட்/எஸ்ஆர்வி/ஆப்ட் என்று புரிந்துகொள்ளும்.

தொடரியல் பிழை என்று சொல்லி நின்றால் வரிக்கடைசி அரைப்புள்ளியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வரியை ஒட்டியிருந்தால் மேற்கோள் குறி வளைந்திருக்கும். அழித்துவிட்டுக் கீபோர்டில் நேராக அடியுங்கள்.

அறிகுறி: பார்ஷியல் டைரக்டரி இல்லை என்று பிழை

ஆர்கைவ்ஸ் உள்ளேயும் லிஸ்ட்ஸ் உள்ளேயும் பார்ஷியல் என்ற உள்டைரக்டரி வேண்டும். பாதி இறங்கிய கோப்புகள் அங்கே தங்கி, முழுதாகி, சரிபார்த்த பின்தான் மேலே வரும். மேலே சொன்ன இன்ஸ்டால் கட்டளையை உரிய பாதையோடு ஓட்டினால் தீரும். ஒருமுறை தீர்ந்து, மெஷினை அணைத்துப் போட்டதும் திரும்ப வந்தால் டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்று பொருள்.

அறிகுறி: "அன்சாண்ட்பாக்ஸ்ட்" என்ற எச்சரிக்கை, எண் 13, பெர்மிஷன் டினைட்

இன்ஸ்டால் நடந்துவிடும், அதனால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்துங்கள். டவுன்லோடு வேலையை ரூட்டாகச் செய்யாமல் _ஆப்ட் என்ற அதிகாரமில்லாத பயனரிடம் ஆப்ட் ஒப்படைக்கிறது. வெளியிலிருந்து வரும் பொருளை முதலில் தொடும் கை அதிகாரமற்றதாக இருக்க வேண்டும் என்பதே காரணம். அந்தப் பயனரால் உங்கள் புதிய இடத்துக்குள் போக முடியாவிட்டால், ஆப்ட் வேறு வழியின்றி ரூட்டாகவே இறக்குகிறது. ஒரு பாதுகாப்புச் சுவரை நீங்களே எடுத்துவிட்ட மாதிரி.

எங்கே தடை என்று பார்க்க:

நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்/பார்ஷியல்

பாதையின் ஒவ்வொரு படியும் தனி வரியில் வரும். பார்ஷியல் _ஆப்ட்டுக்குச் சொந்தமாக 700 இருக்க வேண்டும், அதற்கு மேலுள்ள எல்லாப் படிகளிலும் மற்றவர்களுக்கு எக்ஸ் உரிமை, அதாவது உள்ளே நுழையும் உரிமை, இருக்க வேண்டும். கிடங்கைத் தன் ஹோம் டைரக்டரிக்குள் வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்: உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் டைரக்டரிகள் 750 உரிமையோடு உருவாகின்றன, வெளியாள் உள்ளே நுழைய முடியாது. தீர்வு, கிடங்கை ஹோமிலிருந்து எடுத்து /எஸ்ஆர்வி போன்ற பொது இடத்தில் வைப்பது. 777 போட்டுத் தீர்க்காதீர்கள். மெஷினில் உட்காரும் எந்த மாணவனும் டெப் கோப்புகளை மாற்ற முடியும் என்றாகிவிடும்.

உரிமையை மாற்றும் கட்டளையே "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்று மறுத்தால், டிஸ்க் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும். பென்டிரைவ்களில் வழக்கம். லினக்ஸ் உரிமைகளைப் பதிந்து வைக்க அந்த வடிவங்களில் இடமே இல்லை. உள்ளே உள்ளதை நகல் எடுத்துவிட்டு ஒரு பார்ட்டிஷனையாவது இஎக்ஸ்டி4 ஆக்குங்கள்.

சரியானதா என்று சோதிக்க: சூடோ -யூ _ஆப்ட் எல்எஸ் என்று எழுதிப் பார்ஷியலின் பாதையைக் கொடுங்கள். பிழை வராவிட்டால் போதும்.

அறிகுறி: கிடங்கை மாற்றியும் "இடம் போதவில்லை"

இங்கே ஒரு தவறான எதிர்பார்ப்பைக் களைய வேண்டும். கிடங்கை மாற்றினால் டெப் கோப்புகள் மட்டுமே வேறு டிஸ்க்குக்குப் போகும். லிப்ரே ஆபீஸை இன்ஸ்டால் செய்தால் அது விரியும் இடம் ரூட் பார்ட்டிஷனில் உள்ள /யூஎஸ்ஆர்தான். அதை எந்த ஆப்ட் அமைப்பும் மாற்றாது.

எனவே நகர்த்துவதற்கு முன்பே அளந்து பாருங்கள்:

சூடோ டியூ -எக்ஸ்எஸ்எச் /வார்/கேஷ்/ஆப்ட் /வார்/லிப்/ஆப்ட் /வார்/லாக் /வார்/லிப்/ஸ்னாப்டி

பல மெஷின்களில் உண்மையான பெருந்தீனிக்காரன் /வார்/லாக் (எல், ஓ, ஜி) உள்ளே இருக்கும் ஜர்னல், அதாவது சிஸ்டத்தின் பதிவேடுதான். சூடோ ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம் என்று கொடுத்தால் அது சுருங்கும்; அந்த எம் மட்டும் பெரிய எழுத்து. ஆப்ட் கிடங்கே பெரிதென்றால் சூடோ ஆப்ட் கிளீன் போதும், எதையும் நகர்த்த வேண்டியதே இல்லாமல் போகலாம்.

லிஸ்ட்ஸ் பெரிதாக இருந்தால், இடம் மாற்றுவதற்குப் பதில் இந்த இரண்டு வரிகளை நம் 90ஆர்கைவ்ஸ் கோப்பில் சேர்த்துவிட்டு ஆப்ட் அப்டேட் ஓட்டுங்கள்:

அக்வயர்::ஜிஜிப்இண்டெக்ஸஸ் "ட்ரூ";
அக்வயர்::லாங்குவேஜஸ் "நன்";

முதல் வரி பட்டியல்களைச் சுருக்கிய வடிவிலேயே வைத்திருக்கும். இரண்டாவது, பேக்கேஜ் விவரங்களின் மொழிபெயர்ப்புக் கோப்புகளை இறக்காது. தேடும்போது கொஞ்சம் மெதுவாகும், பேக்கேஜ்களின் நீண்ட ஆங்கில விவரமும் கிடைக்காது, அவ்வளவுதான்.

டிஎஃப் -எச் இடமிருப்பதாகக் காட்டியும் ஆப்ட் இல்லை என்றால், டிஎஃப் -ஐ கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடங்களான ஐநோடுகள் தீர்ந்திருந்தால் சின்னஞ்சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் எங்கோ குவிந்திருக்கும்.

இன்னொரு மறைமுகக் காரணம், டிஸ்க் மவுன்ட் ஆகாத நாளில் ஆப்ட் ரூட் பார்ட்டிஷனிலேயே /எஸ்ஆர்வி உள்ளே எழுதிவிட்டது. பிறகு டிஸ்க் மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்து, டியூ கணக்கில் வராமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். வெளியே கொண்டுவர, ரூட்டை வேறொரு இடத்தில் பைண்ட் செய்யுங்கள்:

சூடோ மவுன்ட் --பைண்ட் / /எம்என்டி
சூடோ டியூ -எஸ்எச் /எம்என்டி/எஸ்ஆர்வி

உள்ளே எதாவது இருந்தால் அழித்துவிட்டு, சூடோ யுமவுன்ட் /எம்என்டி கொடுங்கள். அந்தக் கட்டளையில் யு-வுக்கு அடுத்து என் கிடையாது.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பிறகு டிஸ்க் காணவில்லை, அல்லது பூட்டே ஆகவில்லை

யுபிஎஸ் இல்லாத மெஷினில் ஏப்ரல், மே மாதங்களில் இது சகஜம். மவுன்ட் ஆக வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான /இடிசி/எஃப்எஸ்டேபில் டிஸ்க்கை எஸ்டிபி1 என்று எழுதியிருந்தால் அடுத்த பூட்டில் அது எஸ்டிசி1 ஆக மாறியிருக்கலாம். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை, அதாவது டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணை, எழுதுங்கள்:

யூயூஐடி=உங்கள்-எண் /எஸ்ஆர்வி இஎக்ஸ்டி4 டீஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ் 0 2

யூயூஐடி என்ற நான்கெழுத்து மட்டும் பெரிய எழுத்தில். நோஃபெயில் இல்லாவிட்டால், டிஸ்க் வராதபோது மெஷினைக் கிளப்பும் நிரலான சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். காலையில் கடை திறப்பவருக்குக் கறுப்புத் திரை.

ஆனால் நோஃபெயில் போட்டதும், டிஸ்க் இல்லாமலே மெஷின் கிளம்பி மேலே சொன்ன மறைந்த கோப்புச் சிக்கல் வரும். இதற்கு உறுதியான தடுப்பு: டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து, வெறும் டைரக்டரியாக இருக்கும் நிலையில் பூட்டிவிடுங்கள்.

சூடோ யுமவுன்ட் /எஸ்ஆர்வி
சூடோ சிஎச்ஏடிடிஆர் +ஐ /எஸ்ஆர்வி
சூடோ மவுன்ட் /எஸ்ஆர்வி

இனி டிஸ்க் இல்லாத நேரத்தில் ரூட்டால்கூட அங்கே எழுத முடியாது. ஆப்ட் உடனே பிழை சொல்லி நிற்கும், நீங்களும் காரணத்தை உடனே அறிவீர்கள். டிஸ்க் மவுன்ட் ஆனபின் இந்தப் பூட்டு அடியில் போய்விடும், எதையும் தடுக்காது. தானியங்கி அப்டேட்டும் டிஸ்க்குக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால், சிஸ்டம்சிடிஎல் எடிட் வழியாக ஆப்ட்-டெய்லி.சர்வீஸ், ஆப்ட்-டெய்லி-அப்கிரேட்.சர்வீஸ் இரண்டிலும் யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி என்று சேருங்கள். அந்தப் பெயரில் ஆர், எம், எஃப் மூன்றும், யூனிட் என்பதில் முதல் எழுத்தும் பெரிய எழுத்து.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் போன்ற கடலோர இடங்களில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் யுஎஸ்பி உறைகளின் தொடுமுனைகள் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். டிஸ்க் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று ஆப்ட் நிற்கும். சூடோ டிமெசேஜ் வெளியீட்டில், அதாவது டி, எம், இ, எஸ், ஜி என்ற கட்டளையில், ஐ/ஓ எரர் தெரிந்தால் மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம். மெஷினை அணைத்து, முனையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு அன்மவுன்ட் நிலையில் எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள். முடிந்தால் கிடங்கு டிஸ்க்கை யுஎஸ்பியில் வைக்காமல் சாட்டா கேபிளில் உள்ளே மாட்டிவிடுவதே நல்லது.

அறிகுறி: டிபிகேஜி பாதியில் நின்றது

டிபிகேஜி என்பது ஆப்ட் இறக்கிய பேக்கேஜை விரித்து நிறுவும் நிரல். இன்ஸ்டால் நடுவே கரண்ட் போனால் வருவது. சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அதன்பின் சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். பெரும்பாலும் இத்தோடு சரி.

/வார்/லிப்/டிபிகேஜி/அப்டேட்ஸ் உள்ளே உள்ள ஒரு எண் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று வந்தால், அந்த எண் கோப்புகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஸ்டேட்டஸ் கோப்பே காலியாகியிருந்தால் பக்கத்திலேயே ஸ்டேட்டஸ்-ஓல்ட் இருக்கும். அதுவும் கெட்டிருந்தால் /வார்/பேக்கப்ஸ் உள்ளே டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்ற நகல் இருக்கும். நகலைத் திரும்ப வைத்தபின், அது எடுக்கப்பட்ட நாளுக்குப் பிறகு என்னென்ன இன்ஸ்டால் ஆனது என்பதை /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் பார்த்து அவற்றை மட்டும் --ரீஇன்ஸ்டால் கொடுத்து ஓட்டுங்கள்.

லாக் (எல், ஓ, சி, கே; ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதுவதற்கான பூட்டு) கிடைக்கவில்லை என்ற பிழை இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. அந்தச் செய்தியிலேயே பிராசஸ் எண் இருக்கும்; பெரும்பாலும் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். காத்திருங்கள். லாக் கோப்பை அழித்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணக்கில் எழுதுவார்கள், கெடப்போவது ஸ்டேட்டஸ் கோப்பு.

அறிகுறி: கிடங்கு எப்போதும் காலியாக இருக்கிறது

பக்கத்து மெஷினுக்கும் உதவும் என்று கிடங்கை வைத்தால் உள்ளே ஒரு டெப்பும் இல்லை. ஆப்ட்-கெட் இறக்கியதை வைத்திருக்கும், ஆப்ட் இன்ஸ்டால் முடிந்ததும் அழித்துவிடும். வைத்திருக்கச் சொல்ல:

பைனரி::ஆப்ட்::ஆப்ட்::கீப்-டவுன்லோடட்-பேக்கேஜஸ் "ட்ரூ";

ஆப்ட் இரண்டு முறை வருவது தவறல்ல. முன்னொட்டு இல்லாமல் எழுதினால் வேலை செய்யாது.

அறிகுறி: ஆட்டோரிமூவ் எதையுமே நீக்குவதில்லை, பழைய கெர்னல்கள் குவிகின்றன

யாரோ டிர்::ஸ்டேட் முழுவதையும் நகர்த்தியிருக்கிறார்கள். அதற்குள்தான் எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ் கோப்பு இருக்கிறது. சார்புக்காகத் தானாக வந்த பேக்கேஜ் எது என்ற குறிப்பு அதில் மட்டுமே உண்டு. புதிய இடத்தில் அது இல்லாததால், எல்லாமே நீங்கள் கேட்டு வாங்கியவை என்று ஆப்ட் நினைக்கிறது. நீங்கள் கேட்டதை அது தானாக நீக்காது. அதனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டிலும் பழையது தங்கி, இடத்துக்காக மாற்றிய மெஷினில் இடமே குறைகிறது.

டிர்::ஸ்டேட் வரியை நீக்குங்கள், பழைய கோப்பு பழைய இடத்திலேயே இருந்தால் குறிப்புகள் திரும்பிவிடும். இல்லையென்றால் /வார்/பேக்கப்ஸ்/ஆப்ட்.எக்ஸ்டெண்டட்_ஸ்டேட்ஸ்.0 நகலை அங்கே வையுங்கள். அதன்பின் சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் -எஸ் ஓட்டி, எதை நீக்கப்போகிறது என்று படித்துவிட்டு, பிறகே -எஸ் இல்லாமல் ஓட்டுங்கள்.

அறிகுறி: இன்ஸ்டால் நடுவே /டிஎம்பி உள்ள கோப்பை இயக்க முடியவில்லை

/டிஎம்பி நோஎக்ஸெக் என்று, அதாவது உள்ளே எந்த நிரலையும் இயக்க விடாதபடி, மவுன்ட் ஆகியிருக்கிறது. அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் சிறு நிரல்களை ஆப்ட் அங்கே பிரித்து இயக்கும். ஆப்ட்::எக்ஸ்ட்ராக்ட்டெம்ப்ளேட்ஸ்::டெம்ப்டிர் "/வார்/டிஎம்பி"; என்ற வரி போதும், /வார் நோஎக்ஸெக்காக இல்லாத வரை. /வார் மீது நோஎக்ஸெக் போடவே கூடாது, ஒவ்வொரு பேக்கேஜின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டும் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ உள்ளிருந்துதான் ஓடுகிறது.

அறிகுறி: என்எஃப்எஸ்ஸில் வைத்த பொதுக் கிடங்கில் லாக் எச்சரிக்கை

ஏழெட்டு மெஷின் உள்ள டியூஷன் சென்டரில் ஒரே கிடங்கை எல்லாவற்றுக்கும் என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் டைரக்டரியைப் பகிரும் முறை) வழியாகக் கொடுப்பது நல்ல எண்ணம், தவறான கருவி. என்எஃப்எஸ்ஸில் லாக் கிடைக்காவிட்டால் ஆப்ட் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு லாக் இல்லாமலே தொடரும்; இரண்டு மெஷின் ஒரே நேரத்தில் அப்கிரேட் செய்தால் பார்ஷியல் கோப்புகள் மோதிக்கொள்ளும்.

ஒருமுறை இறங்கியதைச் சேமித்து மற்ற மெஷின்களுக்கும் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜியை ஒரு மெஷினில் இன்ஸ்டால் செய்யுங்கள். பெரிய டிஸ்க்குக்கு மாற்ற வேண்டிய டைரக்டரி அதனுடையதுதான்: /இடிசி/ஆப்ட்-கேச்சர்-என்ஜி/ஏசிஎன்ஜி.கான்ஃப் கோப்பில் கேஷ்டிர் வரி. புதிய இடத்தின் உரிமை ஆப்ட்-கேச்சர்-என்ஜி பயனருக்கே இருக்க வேண்டும். மற்ற மெஷின்களில் கிடங்கைத் தொடாமல், இந்த ஒரு வரி மட்டும்:

அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";

எண்ணை உங்கள் மெஷினின் முகவரியாக மாற்றுங்கள், ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்குங்கள். அந்த மெஷின் அணைந்திருந்தால் மற்றவை 3142-ஐத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று நிற்கும். அவசரமென்றால் அந்த வரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு போட்டு நிறுத்திவிட்டு நேரடியாக இறக்கிக்கொள்ளலாம்.